முன்சீப் வேதநாயகரும் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியும்

(இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் – வேதியியல்)

தமிழில் முதல் நாவலை எழுதியவர் யார் என்று கேட்டால் நம் கல்லூரியில் விடை தெரியாதவர் இருக்கமாட்டார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, நூல் பிரதாப முதலியார் சரித்திரம், ஆண்டு 1879. பகுதி ஒன்று தமிழ்த் தேர்வில் அது ஒரு குறுவினா. அதற்குரிய மதிப்பெண்ணைப் பெற்றுக்கொண்டு அந்தப் பெரியவரிடம் நாம் கணக்கை முடித்துக்கொண்டோம் என்பதுதான் என் மனக்குறை. வேதியியல் படிக்கும் பெண்ணுக்கு இலக்கிய வரலாற்றில் என்ன வழக்கு என்று தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் கேட்கக்கூடும். வழக்கு உண்டு. அது எங்கள் வீட்டு வழக்கு.

எங்கள் ஊர் அச்சங்குளம். 2021 பிப்ரவரி 12ஆம் நாளுக்கு முன்பு, சுற்று வட்டாரத்தார் தவிர வேறு யாரும் இந்தச் சிற்றூரின் பெயரைக் கேட்டிருக்க நியாயமில்லை. அன்று எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள் செய்தித்தாள்கள் எங்கள் ஊரின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டன. நான் சொல்ல வந்தது அந்த விபத்தைப் பற்றியன்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறோர் ஊரில், செய்தித்தாளில் மூன்று வரிகூட இடம் பெறாத ஒரு சிறு விபத்தைப் பற்றியது. மருந்து அறையில் உராய்வினால் பற்றிய தீ என் தந்தையாரின் வலக்கையை வாங்கிக்கொண்டது. கை இருக்கிறது. விரல்கள் மடங்குவதில்லை.

இழப்பீடு கேட்டு மனுப் போட்டார்கள். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது பதிவுத் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே ஏழு பக்கம். ஏழும் ஆங்கிலம். வீட்டில் படிப்பவள் நான் ஒருத்திதானே! அய்யா அதை என்னிடம் நீட்டி, "என்னம்மா போட்டிருக்கு?" என்றார். நான் படித்தது தமிழ்வழிப் பள்ளி. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். "ஒங்க பேரு போட்டிருக்குய்யா" என்றேன். அது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. பிறகு ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் காட்டினார்கள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "டிகிரி ஆயிருச்சு, பணம் வரும், போங்க" என்று அனுப்பிவிட்டார். எங்கள் குடும்பத்தில் 'டிகிரி' என்ற சொல் முதன்முதலில் நுழைந்தது அப்படித்தான். கல்லூரி வழியாக அன்று! பணமும் வந்தது. கேட்டதில் பாதிகூட இல்லை. சர்க்கார் கணக்கு அப்படித்தான் இருக்கும் போலும் என்று காகிதத்தை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் அந்தப் பெட்டியைத் திறந்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழு பக்கத்தையும் படித்து முடிக்க மூன்று நாள் பிடித்தது. மனுதாரர் தம் கூலி இவ்வளவு என்று காட்ட எந்தச் சான்றும் தாக்கல் செய்யவில்லை, ஆதலால் குறைந்த கூலியையே கணக்கில் எடுக்கிறோம் என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருந்தது. அந்தக் காகிதத்துக்கு அடியில், அதே பெட்டியில், ஒரு சிறு நோட்டு கிடந்தது. வாரம் தவறாமல் சனிக்கிழமைக் கூலியைக் கணக்குப்பிள்ளை தம் கையால் எழுதிக் கொடுத்த நோட்டு! நான்கு ஆண்டுகளாக இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்திருக்கின்றன. அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய அறுபது நாள் தவணை இருந்தது என்பதையும் பின்னர் அறிந்தேன். முறையிட்டிருந்தால் வென்றிருப்போம் என்று நான் சொல்லவில்லை. முறையிடலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. நோட்டு வேண்டும் என்றும் யாரும் எங்களுக்கு விளங்கும்படி சொல்லவில்லை.

இந்த மனநிலையில்தான் நம் நூலகத்தில் பிரதாப முதலியார் சரித்திரத்தை எடுத்தேன். நல்ல கதைதான், ஆனால் ஆசிரியர் அடிக்கடி கதையை நிறுத்திவிட்டு உபதேசம் செய்யத் தொடங்கிவிடுகிறார். அப்படிப்பட்ட ஓர் உபதேசத்தின் நடுவே திடுக்கிட்டு நின்றேன். நீதிபதி தமிழர், வக்கீல் தமிழர், வழக்காடுகிறவர்களும் தமிழர். அப்படியிருக்க வாதம் மட்டும் ஏன் இங்கிலீஷில் நடக்கவேண்டும் என்று கேட்கிறார். கட்சிக்காரனுக்குத் தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் போவதை எண்ணி நகைக்கவும் செய்கிறார், வருந்தவும் செய்கிறார். இதை ஏதோ ஒரு புலவர் வெளியில் நின்று எழுதியிருந்தால் நான் அவ்வளவு பொருட்படுத்தியிருக்கமாட்டேன். எழுதியவர் நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்து பார்த்தவர்.

அதன்பின் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1826 அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்தவர். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை, தாயார் ஆரோக்கிய மரியம்மாள். தியாகராஜ பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். அந்த ஆசிரியர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மாணவரும் அவ்வழியே சென்றார். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் முதலில் ஆவணக் காப்பாளர், பிறகு மொழிபெயர்ப்பாளர். ஆவணக் காப்பாளர் என்றால் யார்? ஊரார் தகரப்பெட்டிகளையெல்லாம் காப்பவர்! எத்தனை பேருடைய நிலமும் வீடும் கடனும் அந்தக் கட்டுகளுக்குள் இருந்திருக்கும்! மொழிபெயர்ப்பாளர் என்றால், நியாயம் கேட்டு வந்தவனுக்கும் நியாயம் சொல்ல வேண்டியவனுக்கும் நடுவே நிற்பவர். ஒரு சொல் இடறினால் ஒரு குடும்பம் இடறும் என்பதை அவரைவிட நன்றாக யார் அறிந்திருக்க முடியும்?

1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். டேனிஷ்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் அந்த ஊரை வாங்கி அப்போது பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பிறகு சீர்காழி, அதன்பின் மாயூரம். மாயூரத்தில் நெடுங்காலம் இருந்தமையால் அந்த ஊரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. (ஊர் 1982இல் மயிலாடுதுறை ஆகிவிட்டது, அவர் மட்டும் இன்னும் மாயூரம் வேதநாயகம் பிள்ளைதான்.) முன்சீப் என்பது அன்றைய நீதித்துறையின் அடிப்படியில் இருந்த நீதிபதி பதவி. சென்னை உயர் நீதிமன்றத்தில் 1878இல் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர் சர் டி. முத்துசாமி ஐயர். அவர் தெருவிளக்கில் படித்த கதையைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். உயர ஏறியவர்களை நாம் நினைவில் வைக்கிறோம். கீழ்ப்படியில் நின்று, அங்கே வந்து நின்ற எளியவர்களின் முகத்தைப் பார்த்தவரை நாவலாசிரியர் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறோம்.

அவர் செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது நாவல் அன்று. 1862இல் அவர் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலை வெளியிட்டார். அக்காலத்தில் சதர் நீதிமன்றம் என்று அழைக்கப்பட்ட மேல் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளைத் தமிழில் தந்த நூல் அது. ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகள்! சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியதும் அதே 1862இல்தான்.

இங்கே சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். முன்சீப்புக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். தீர்ப்புகளை மூலத்திலேயே படித்துக்கொள்ள அவரால் முடியும். தமிழில் அந்த நூல் வந்ததால் அவர் வேலைக்கு யாதொரு பயனும் இல்லை. சொல்லப்போனால் நட்டம்கூட. சட்டம் தெரிந்த கட்சிக்காரன் நீதிபதியைக் கேள்வி கேட்பான் அல்லவா? அறிவை ஒளித்து வைத்தால் அதிகாரம் வளரும் என்பதை நன்கறிந்த ஒரு வட்டத்துக்குள் இருந்துகொண்டே, அவர் சாவியை வெளியே எறிந்தார்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1859இல் வந்த அவருடைய நீதிநூலில் கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைக் கண்டிக்கிறார். தாமே அதிகாரியாக இருந்துகொண்டு! பெண்கள் படிக்க வேண்டும் என்பதற்காகப் பெண்மதி மாலை எழுதினார். ஓய்வு பெற்றபின் மாயூரம் நகராட்சித் தலைவராக இருந்தார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்கு உணவளித்தார். அதற்காகக் கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனை பாடினார் என்பர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் குளத்தூர்க் கோவை பாடினார். கிறித்தவராகிய அவர் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இயற்றினார். 1889 ஜூலை 21இல் மறைந்தார்.

முன்சீப்புகளுக்கும் தமிழுக்கும் அந்த நூற்றாண்டில் ஏதோ பூர்வ பந்தம் இருந்திருக்க வேண்டும். 1880இல் உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டு, அவரைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பிய சேலம் இராமசாமி முதலியாரும் கும்பகோணத்துக்கு வந்த ஒரு முன்சீப்தான். கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். வக்கீலாக இருந்து புதுக்கோட்டையில் நீதிபதி ஆனவர். இவர்கள் ஏட்டுச் சுவடியை மீட்டார்கள், அது பெரும்பணி. ஆனால் வேதநாயகர் ஒருவர்தான் தம் தொழிலையே தமிழுக்குள் கொண்டுவரப் பார்த்தார். வேலைக்கு இங்கிலீஷ், மாலை நேரத்துக்குத் தமிழ் என்று அவர் பங்கு பிரிக்கவில்லை.

இனி, இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதைப் பார்ப்போம். சட்டம் ஆங்கிலத்தில் பிறந்தது, ஆங்கிலத்தில்தான் துல்லியமாக நிற்கும் என்கிறார்கள். அந்த ஆங்கிலத்தின் கதை என்ன? இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஒரு காலத்தில் பிரெஞ்சு மொழியில் வாதாடினார்கள். தமக்கு ஆதரவாகவும் எதிராகவும் என்ன பேசப்படுகிறது என்று மக்களுக்கு விளங்கவில்லை என்ற குறையைக் காரணமாகக் காட்டி, மூன்றாம் எட்வர்டு காலத்தில், 1362இல், ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அப்போதும் பதிவேடுகள் லத்தீனில்தான் இருந்தன. அதுவும் ஒழிய 1733 ஆயிற்று. இலண்டன் குடியானவனுக்கும் ஒரு நாள் "என்னம்மா போட்டிருக்கு?" என்று மகளிடம் கேட்கும் நிலை இருந்திருக்கிறது! 1362க்கும் சித்தாந்த சங்கிரகம் வெளிவந்த 1862க்கும் சரியாக ஐந்நூறு ஆண்டு. ஆங்கிலம் சட்ட மொழியாகப் பிறக்கவில்லை, ஆக்கப்பட்டது.

நம் மாநிலத்திலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1976இல் அதைத் திருத்திக் கீழமை நீதிமன்றங்களிலும் தமிழுக்கு இடம் செய்தார்கள். உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம்; குடியரசுத் தலைவர் இசைந்தால் மாநிலத்தின் மொழியையும் பயன்படுத்தலாம். அந்த வழியில் இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களில் இந்திக்கு இடம் கிடைத்தது. தமிழுக்கு அந்த இசைவு வரவில்லை. 2019 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கம் வெளியிடப்படுகிறது. வேதநாயகர் தனியாளாகத் தொடங்கியதை நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரு நிறுவனம் தொடங்கியிருக்கிறது என்று நான் மகிழ்கிறேன். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வந்த உறையைப் போன்றவை உச்ச நீதிமன்றத்திலிருந்து வருவதில்லையே! கீழே உள்ள ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்துதான் வருகின்றன.

நான் ஆங்கிலத்தின் பகைவி அல்லள். நான் படிக்கும் வேதியியல் முழுவதும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை இங்கே ஆங்கிலத்தில் எழுதித் தேர்ச்சி பெறுகிறேன். அய்யாவுக்கு அதே கலவையின் பெயர் 'மருந்து', அவ்வளவுதான். நான் சமன்பாட்டால் அறிந்ததை அவர் கையால் அறிந்தவர். வேதநாயகரும் ஆங்கிலத்தை நன்கு கற்றவரே. கற்காமலிருந்தால் அதைத் தமிழாக்கியிருக்க முடியாது. ஏறுவதற்கு ஏணி வேண்டும். ஆனால் தபாலில் வந்த காகிதத்தைப் படிக்கவும் ஓர் ஏணி வேண்டும் என்றால், அந்த வீட்டில் பிள்ளை கல்லூரிக்குப் போகும்வரை நியாயம் காத்திருக்க வேண்டுமா?

தமிழ்ப்பற்று மிக்க நண்பர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஆங்கிலத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் எவருக்கும் விளங்காத கடுந்தமிழை வைத்தால் தகரப்பெட்டிக்கு என்ன லாபம்? என் அப்பத்தாவுக்கு 'பிடியாணை' தெரியாது, 'வாரண்டு' தெரியும். 'அழைப்பாணை' தெரியாது, 'சம்மன்' தெரியும். வாய்தா, ஜப்தி, அமீனா, ஜாமீன், வில்லங்கம், வக்காலத்து, கிரயம் எல்லாம் பள்ளிக்கூடம் போகாத அப்பத்தாவின் நாவில் புழங்கும் சொற்கள். இவை எந்த நாட்டிலிருந்து வந்தன என்று அவர் கேட்டதில்லை. 'சித்தாந்த சங்கிரகம்' என்ற தலைப்புகூட அவருக்கு விளங்காதுதான். அந்த வகையில் முன்சீப் வேதநாயகர்மீதும் எனக்குச் சிறு வழக்கு உண்டு. மக்கள் வாயில் உள்ள தமிழில், "நீங்கள் கேட்டது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, குறைத்த காரணம் இது, உடன்பாடில்லையென்றால் இந்தத் தேதிக்குள் இந்த இடத்துக்குப் போகலாம்" என்று நான்கு வரி எழுதினால் போதும். தீர்ப்பு எந்த மொழியிலும் ஏழு பக்கம் இருக்கட்டும். அதன் தலையில் இந்த நான்கு வரியை ஒட்டாமல் எந்த அலுவலகத்தின் உறையும் ஓர் ஏழையின் வீட்டுக்குப் போகக்கூடாது என்பதே என் கோரிக்கை. இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. குடியரசுத் தலைவரின் இசைவும் தேவையில்லை.

அதுவரை நாம் என்ன செய்யலாம்? சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் முற்றத்தைக் கூட்டினோம், வேப்பங்கன்று நட்டோம், மாலையில் கலை நிகழ்ச்சி நடத்தினோம். கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்பது ஆடுகளுக்குத்தான் தெரியும். இந்த ஆண்டு முகாமில் ஒரே ஒரு நாள், மரத்தடியில் நான்கு பெஞ்சு போட்டு, ஊரார் பெட்டியில் உள்ள காகிதங்களைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துக் காட்டுவோமே! வங்கி நோட்டீஸ், இன்சூரன்ஸ் தாள், பட்டா மாறுதல், கோர்ட்டு உத்தரவு, எதுவானாலும் சரி. வழக்கு நடத்த நமக்குத் தெரியாது. தேதி படிக்கத் தெரியும். ஆங்கிலத் துறைப் பேராசிரியர்கள் ஒருவர் இருவர் உடன் வந்தால் நாங்கள் தவறாகச் சொல்லிவிடாமல் இருப்போம். முதல்வர் ஐயா அவர்கள் இதற்கு இசைய வேண்டுமென இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் இது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. நான் அய்யாவின் காகிதத்தைப் படித்த செய்தி எப்படியோ பரவி, ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் மஞ்சள் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பழைய ரசீதுகள். சென்ற வாரம் மேலத்தெருப் பெரியம்மா ஒருவர் வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஓர் உறையை எடுத்து, "பாப்பா, இது ஏதோ கோர்ட்டுக் காயிதமாம். வந்து ரொம்ப நாளாச்சுன்னு நெனைக்கேன். போனது போகட்டும், என்னன்னு மட்டும் சொல்லு" என்றார். அய்யாவும் பக்கத்தில் வந்து நின்றார். நான் முதல் பக்கத்தை விட்டுவிட்டு நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனேன். தேதியைப் பார்த்தேன். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இன்னும் பதினோரு நாள் இருக்கு, பெரியம்மா" என்றேன்.